நாலு கிலோ எண்ணூறு

எடை மெஷினிலிருந்து இறங்கினான் கருங்கல். அது சண்டைக் களத்தில் அவனுக்கு வைத்த பெயர். ஜட்டியையும் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு மறுபடி ஏறினான்.

எழுபது கிலோ எண்ணூறு கிராம்.

ஜட்டி நிரபராதி என்பது உறுதியாகிவிட்டது.

மதியம் மூன்று மணிக்கு அரங்கத்தில் எடை பார்ப்பார்கள். அறுபத்தாறு கிலோவுக்கு மேல் போனால் நாளைய சண்டை கிடையாது. இப்போது மணி பத்தே முக்கால். குறைய வேண்டியது நாலு கிலோ எண்ணூறு.

நேற்று ராத்திரி இதே மெஷினில் அறுபத்தேழுதான் காட்டியது. "தூங்கும்போதே பாதி கரைஞ்சிடும்டா, காலைல கொஞ்சம் வேர்க்க வெச்சா மீதியும் போயிடும்" என்று பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். ஒரே ராத்திரியில் நாலு கிலோ ஏற மனிதன் என்ன மழையில் கிடந்த பஞ்சு மூட்டையா?

மெஷின்தான் கெட்டிருக்க வேண்டும். ஐந்து கிலோ இரும்புக் குண்டைத் தூக்கி அதன் மேல் வைத்தான். ஐந்து கிலோ என்று கிராம் பிசகாமல் காட்டியது. ஆத்திரத்தில் மெஷினை உதைத்தான். கால் கட்டைவிரல் வீங்கியது.

ஒருவேளை நாளைத் தவறாக எண்ணிவிட்டோமோ என்று சமையலறைக்கு ஓடினான். பிரிட்ஜ் கதவில் பயிற்சி அட்டவணை ஒட்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் படுக்கப் போகும் முன் அந்த நாளின் கட்டத்தில் அவனே ஒரு கோடு இழுப்பான். புதன், கோடு. வியாழன், கோடு. வெள்ளி காலியாக இருந்தது. வெள்ளி எடை, அன்று ராத்திரி மாஸ்டரின் பயிற்சிக் கூடத்தில் படுக்கை, சனி சண்டை. அவன் கையால் இழுத்த கோட்டைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

போனைத் தேடினான். இல்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. சண்டைக்கு முந்தைய நாட்களில் மாஸ்டர் போனைப் பிடுங்கிவிடுவார். எதிராளியின் வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பயல்கள் பாதி உயிரை விட்டுவிடுகிறார்கள் என்பது அவர் கட்சி.

அப்போதுதான் மேசையைப் பார்த்தான்.

மூடி வைத்த பெரிய தட்டு. திறந்தால் மலை போலச் சோறு, நான்கு முட்டை, கோழிக்குழம்பு, ஓரத்தில் இரண்டு வாழைப்பழம். பக்கத்தில் ஒரு ஜாடி தண்ணீர். ஜாடிக்கு அடியில் மனைவியின் கையெழுத்தில் ஒரு சீட்டு.

"எல்லாத்தையும் சாப்பிடுங்க. தண்ணி நிறையக் குடிங்க. எங்கயும் போகாதீங்க. கதவைப் பூட்டிட்டுப் போறேன், சாவி தையல் அக்காகிட்ட இருக்கு. ரெண்டு மணிக்கு வந்துடுவேன்."

எடை பார்க்கும் நாளில் நான்கு முட்டை!

கருங்கல்லுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது சதி. பத்து வருடம் கூடப் படுத்தவள் சண்டைக் கூண்டுக்கு வெளியிலிருந்தே அவனை வீழ்த்தப் பார்க்கிறாள். தூக்கத்தில் வாயைத் திறந்து எதையாவது ஊற்றியிருப்பாள். இல்லாவிட்டால் நாலு கிலோ எங்கிருந்து வரும்?

அவள்மேல் அவனுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் பக்கத்து நியாயமும் அவனுக்குத் தெரியும் என்பதால் அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் தள்ளாடியது.

பத்திரிகைகளில் இந்தத் தொழிலுக்குக் கலப்புத் தற்காப்புக் கலை என்று பெயர் போடுகிறார்கள். குத்தலாம், உதைக்கலாம், கீழே தள்ளிக் கழுத்தை நெரிக்கலாம். ஐந்து நிமிடச் சுற்று மூன்று. இதில் தற்காப்பு எவ்வளவு, கலை எவ்வளவு என்று கூண்டுக்குள் நிற்பவனைக் கேட்க வேண்டும், வெளியே குளிர்பானம் உறிஞ்சிக்கொண்டு "கொல்லுடா அவனை" என்று கத்துகிறவனைக் கேட்கக் கூடாது. மனைவி ஐந்தே ஐந்து சண்டைகளுக்கு வந்திருக்கிறாள். ஐந்திலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு பக்கத்து இருக்கைக்காரரிடம் "முடிஞ்சிடுச்சா, முடிஞ்சிடுச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஐந்தாவது தடவை பக்கத்து இருக்கைக்காரர், "அம்மா, டிக்கெட் எதுக்கு வாங்குனீங்க?" என்றார். அதோடு நின்றுவிட்டாள்.

போன மாதம் அவளிடம் அவன் சத்தியம் செய்திருந்தான். பதினெட்டு சண்டை. ஒன்பது வெற்றி, ஒன்பது தோல்வி.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றான். "ஜெயிச்சா பத்து-ஒன்பது. தோத்ததைவிட ஜெயிச்சது ஒண்ணு கூட. அதோட கையுறையைத் தொடமாட்டேன்."

"தோத்துட்டா?"

தோற்றால் சமன் செய்ய ஒன்று, முந்த ஒன்று என்று இன்னும் இரண்டு சண்டை வேண்டும். அந்தக் கணக்கை அவள் தனியாகவே போட்டுக்கொண்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சரி, அழுவதற்கு நேரமில்லை. நாலு கிலோ எண்ணூறு.

முகம் கழுவக் கண்ணாடி முன் போனவன் அப்படியே நின்றான். இடது புருவத்தின் மேல் ஆறு தையல். கண் நாவல்பழ நிறத்தில் வீங்கிக் கிடந்தது. கன்னம் ஒரு பக்கம் தனியாகக் குடித்தனம் போயிருந்தது.

இது எப்போது?

யோசித்தான். நேற்றுப் பயிற்சியில் பூனைதான் முழங்கையை விட்டிருப்பான். பூனை அவனோடு பயிற்சி எடுப்பவன்; இருபத்திரண்டு வயது; மெதுவாக அடிக்கச் சொன்னால் காதில் விழாது. நேற்றுப் பூனையோடு மோதியதாக நினைவில்லை. ஆனால் கொஞ்ச நாளாகவே இப்படித்தான். போன வாரம் குளித்துவிட்டு மனைவியிடம், "அதை எடு, அந்த… துடைக்கிறதை எடு" என்றான். துண்டு என்ற சொல் வரவேயில்லை. அவள் சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய் நெடுநேரம் வரவில்லை.

எடை பார்க்கும் இடத்தில் டாக்டரும் உட்கார்ந்திருப்பார். தையலைப் பார்த்தால் அங்கேயே சீட்டைக் கிழித்துவிடுவார். கருங்கல் மனைவியின் அலங்காரப் பெட்டியைத் திறந்தான். அவள் இவனைவிட நல்ல நிறம். இவன் புருவத்திலிருந்து தாடை வரை அவளுடைய கிரீமை அள்ளிப் பூசினான். காயம் மறைந்தது. முகம் பாதி சுண்ணாம்படித்த சுவர் போல ஆயிற்று. சமமாக இருக்கட்டும் என்று மறுபாதிக்கும் பூசினான். இப்போது கழுத்துக்குக் கீழே அவனும் கழுத்துக்கு மேலே வேறு யாரோவும் இருந்தார்கள்.

அடுத்தது வெந்நீர். தொட்டியை நிரப்பி, ஒரு கிலோ உப்பைக் கொட்டி, மூக்கு மட்டும் வெளியே தெரிய முங்கினான். இருபது நிமிடம் முங்குவது, பத்து நிமிடம் போர்வைக்குள் சுருண்டு வேர்ப்பது, மறுபடி முங்குவது. இப்படித்தான் வருடக்கணக்காக உடம்பைப் பிழிந்திருக்கிறான். ஆனால் இந்தத் தடவை இரண்டாவது முங்கலிலேயே கூரை சுற்றியது. எழுந்திருக்கப் பார்த்துக் குழாயைப் பிடித்தான். குழாய் கையோடு வந்தது.

"தம்பி! தம்பி!" வாசலில் தையல் அக்காவின் குரல். எதிர்வீட்டில் ரவிக்கை தைப்பவள். "கதவுக்கடியில தண்ணி வருது, என்ன பண்றீங்க உள்ள?"

"குளிக்கிறேன்க்கா."

"ஒரு மணி நேரமாவா?"

"அழுக்கு நிறையக்கா."

சாவி திரும்பியது. அக்கா உள்ளே வந்தாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றவனைப் பார்த்தாள். வெந்நீரில் கிரீம் வழிந்து மார்பு வரை வெள்ளைக் கோடுகள்.

"ஐயோ, என்ன தம்பி இது கோலம்! போய்ப் படுங்க. உங்களைப் பார்த்துக்கறேன்னு உங்க வீட்டுக்காரிகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

"மூணு மணிக்கு எடை பார்க்கணும்க்கா. நாளைக்குச் சண்டை."

அக்கா அவன் போர்வையை இழுத்து மூடினாள். பிறகு குழந்தைக்குச் சொல்வது போல், "ஆமா ஆமா. நாளைக்குத்தான். அதான் இன்னைக்கு நல்லாத் தூங்கணும்" என்றாள்.

"விடுங்கக்கா, போகணும்."

"போகலாம், போகலாம். முதல்ல ரெண்டு வாய் சாப்பிடுங்க."

அப்படியானால் இவளும் கூட்டு. கருங்கல் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டுப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். கூடத்தில் அக்கா தண்ணீரைத் துடைக்கும் சத்தம் கேட்டது. அவன் மழைக்கோட்டையும் அதன் மேல் ஒரு கம்பளிச் சட்டையையும் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக முதல் மாடியிலிருந்து கொடியில் காய்ந்த யாரோ ஒருவரின் மெத்தை உறை மீது குதித்தான். உறை தாங்கவில்லை. கீழே இருந்த குப்பைத் தொட்டி தாங்கியது. விலாவில் சுளீர் என்றது. அந்த விலா ஏன் ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்தது என்று யோசிக்க அவனுக்கு அவகாசமில்லை.

தெருமுனை மருந்துக்கடையின் வாசலில் ஒரு எடை மெஷின் உண்டு. ஏறினான். அறுபத்தொன்பது தொள்ளாயிரம்.

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். அவனுடைய சண்டைகள் அத்தனையையும் பார்த்தவர். "கருங்கல்லா இது! நீ ஏம்பா எந்திரிச்சு வந்தே? மூஞ்சில என்ன, கோலமாவா?"

"அண்ணே, பேதி மாத்திரை ஒண்ணு குடுங்க. சீக்கிரம்."

"உனக்கா? உன் சம்சாரம் என்னைக் கடையோட கொளுத்திடும். காலைலதான் வந்து, எங்க வீட்டுப் பக்கம் ஒரு கண்ணு வெச்சுக்கங்கன்னு சொல்லிட்டுப் போச்சு."

தெருவையே வளைத்துப் போட்டிருக்கிறாள்! போன் ஆபீஸில் நாள் முழுக்க முகம் தெரியாத ஆட்களின் புகாருக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறவள், இவ்வளவு பெரிய திட்டக்காரி என்று அவனுக்குத் தெரியாமல் போயிற்றே.

"ஒரு போன் பண்ணிக்கட்டுமா?"

விரல்களுக்கு மாஸ்டரின் எண் மட்டும் மறக்கவில்லை.

"கருங்கல்லா? என்னடா, எப்படி இருக்கே?" பின்னணியில் தோல் பையில் குத்து விழும் சத்தம்.

"மாஸ்டர், கோச்சுக்காதீங்க. எழுபது கிட்ட இருக்கேன்."

"எது எழுபது?"

"எடை மாஸ்டர். அறுபத்தொம்பது தொள்ளாயிரம்."

மாஸ்டர் சிரித்தார். "இருந்துட்டுப் போடா. எண்பதே ஆனாலும் இனிமே உன்னை யாரு கேட்கப் போறா? வயிறு நிறையத் தின்னு, தூங்கு."

"மாஸ்டர், அப்ப நான்…"

"நீ பண்ணினது போதும்டா ராசா. கை! கையைத் தாடைக்குக் குடுறா!" பிந்தியது வேறு யாருக்கோ. "இங்க பூனைக்குப் பயிற்சி ஓடுது. அடுத்தது இவன்தான். அப்புறம் கூப்பிடறேன்."

வைத்துவிட்டார்.

கருங்கல் போனைத் திருப்பிக் கொடுத்தான். அவன் இடத்துக்குப் பூனை! பதினோரு வருடம் இந்த மனிதருக்கு முன்னால் வாந்தியெடுக்கும் வரை ஓடியிருக்கிறான். உடைந்த விரலோடு குத்தியிருக்கிறான். அவர் பயிற்சிக் கூடத்தின் சுவரில் அவன் படத்தை மாட்டித்தான் புது ஆட்களைச் சேர்த்தார். அவனை அனுப்ப அவருக்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. அதிலும் பாதி பூனைக்கு.

"என்னப்பா, தண்ணி குடிக்கிறியா?" என்றார் கடைக்காரர்.

"தண்ணியா! நீங்களுமா அண்ணே?" என்று கத்திவிட்டுக் கருங்கல் தெருவில் இறங்கி ஓடினான்.

நேரில் போய் நிற்க வேண்டும். சரியான எடையோடு போய் நின்றுவிட்டால் யாராலும் பூனையை உள்ளே விட முடியாது. ஒப்பந்தத்தில் இருப்பது அவன் பெயர்.

வழியில் ஒரு முடிதிருத்தும் கடை. கடைசி நேரத்தில் தலைமுடியை எடுத்து எடையைச் சரிக்கட்டிய ஆட்களை அவனுக்குத் தெரியும்.

"மொட்டை" என்று உட்கார்ந்தான்.

முடிதிருத்துபவர் வயதானவர், அவசரமில்லாதவர். "வேண்டுதலா?"

"எடை."

"முடியில என்னப்பா எடை? மொத்தமா வழிச்சாலும் அம்பது கிராம் தேறாது."

"அம்பதும் வேணும்."

கத்தி மேலேறியது. "என்ன தொழில்?"

"சண்டை."

"யாரோட?"

"யாரைக் குடுக்கறாங்களோ அவனோட."

"அவன் உனக்கு என்ன பண்ணினான்?"

"ஒண்ணும் பண்ணலை."

"நானும் என் தம்பியும் பன்னெண்டு வருசமாச் சண்டை. ஒருத்தனும் டிக்கெட் வாங்க வரலை" என்றார் அவர். அப்போது கத்தி நின்றது. காதுக்குப் பின்னால் அவருடைய கட்டைவிரல் மெதுவாக அழுந்தியது. "இங்க என்னப்பா இப்படி வீங்கியிருக்கு? ஊதா புடிச்சிருக்கே. வலிக்கலையா?"

"இல்லை."

உயிர் போகிற வலி. ஆனால் அந்தக் கட்டைவிரல் அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஏனோ தோன்றியது. அவர் அந்த இடத்தைச் சுற்றி, பூவைத் தொடுவது போல வழித்தார். முடித்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார்.

மொட்டையடித்ததில் ஒரு புதுச் சிக்கல். முடி மறைத்துக்கொண்டிருந்த வீக்கம் இப்போது தலைக்குப் பின்னால் இன்னொரு தலை போலத் தெரிந்தது. டாக்டருக்குப் பயந்து புருவத்துக்குப் பூசியது போல இதற்கும் பூச வேண்டும். கிரீம் வீட்டில். கம்பளிச் சட்டையின் கழுத்தை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

பஸ்ஸில் இன்ஜினை ஒட்டிய இருக்கைதான் சூடு. அங்கே உட்கார்ந்து ஒரு காலி பாட்டிலில் துப்பத் தொடங்கினான். இதுவும் தொழில் முறைதான். புளிப்பு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு எச்சிலைத் துப்பித் துப்பிக் கடைசி கிராம்களைக் கரைப்பார்கள். மிட்டாய் இல்லை. புளிப்பை நினைத்துக்கொண்டு துப்பினான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பருமனான அம்மாள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "வாந்தியா?"

"இல்லீங்க. எடை குறைக்கிறேன்."

"துப்பியா?"

"ஆமாங்க."

"எவ்வளவு குறையும்?"

"ஒரு பாட்டில் ரொம்பினா அரைக் கிலோ."

அம்மாள் நான்கு நிறுத்தங்கள் வரை பாட்டிலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "அஞ்சு வருசமா விடியக்காலைல எந்திரிச்சு நடக்கறேன், ஒரு பய இதைச் சொல்லலை" என்று இறங்கிப் போனாள்.

நாக்கு மரக்கட்டை ஆகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தெருக்கள் இரண்டு இரண்டாக ஓடின. கருங்கல் கண்ணை மூடிக்கொண்டான். எல்லாம் முடிந்த பிறகு நடுவர் இரண்டு பேரின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். அறிவிப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். தோற்ற நாட்களில் அவர் விரல்கள் இவன் பக்கம் லேசாகத் தளர்ந்துவிடும். ஒன்பது தடவை தளர்ந்திருக்கின்றன. கடைசியாக அவை இறுகிப் பிடித்துக் கையை வானத்துக்குத் தூக்கி நான்கு வருடம் ஆகிறது. இன்னொரு தடவை அந்தப் பிடி கிடைத்துவிட்டால் போதும். அதை நினைத்துக்கொண்டே மிச்ச வாழ்நாளைத் தள்ளிவிடுவான். எங்கேயாவது வாட்ச்மேனாகக்கூடப் போவான். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நான்கு முட்டையும் தின்பான்.

அரங்கத்துக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது.

உள்ளே கூட்டமில்லை. மேசை இல்லை, டாக்டர் இல்லை, கேமராக்கள் இல்லை. இரண்டு பேர் ஏணியில் நின்று கூண்டின் கம்பி வலையில் திருகாணிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிக் கூண்டுதான் நின்றது.

"இன்னும் முடியலையாண்ணே?"

"பாதி முடிஞ்சுது. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடணும்" என்றான் ஒருவன் திரும்பாமலே.

"எடை பார்க்கிற மெஷின் எங்க?"

"அந்தா, பின்னால."

பின்னால் இருந்தது லாரியில் ஏற்றும் இரும்புச் சட்டங்களை நிறுக்கும் மேடை. பரவாயில்லை. மழைக்கோட்டு, கம்பளி, மிச்சம் மீதி எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டு, மூலையில் கிடந்த ஒரு அட்டையைக் கையில் முன்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

அறுபத்தெட்டு அறுநூறு.

அட்டையைக் கீழே போட்டான். அறுபத்தெட்டு ஐந்நூறு.

"அட கருமமே!" என்று ஒரு பெண்குரல்.

பத்தடி தள்ளி, கூண்டின் தரைவிரிப்பைப் பரப்பிப் போட்டு ஒரு அம்மாள் மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அரங்கத்தைக் கூட்டித் துடைப்பவள். கையிலிருந்த துணியை அவன்மேல் விட்டெறிந்தாள். "கட்டிக்க முதல்ல! வேலை செய்யற இடத்துல அம்மணமா வந்து நிக்கற?"

அவன் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்தான்.

"எல்லாரும் போயிட்டாங்களாக்கா?"

"போகாம? அவங்க போயிடுவாங்க. கழுவறதுக்குத்தான் நாங்க இருக்கோமே." விரிப்பில் பழுப்புத் திட்டுகள். அவள் பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தாள்.

"யாரோட ரத்தம்க்கா?"

"பேரா எழுதியிருக்கு? ஜெயிச்சவன் ரத்தத்துக்கு ஒண்ணு, தோத்தவன் ரத்தத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு சோப்பா குடுக்கறாங்க எனக்கு? எல்லாம் ஒரே கறைதான்."

கருங்கல் சிரிக்கப் பார்த்தான். வாய் ஒட்டிக்கொண்டது. அவள் அவனை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்: மொட்டைத் தலை, வெள்ளை மூஞ்சி. வாளியை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"என்ன தம்பி, உடம்பு சரியில்லையா? யாரைத் தேடிட்டு வந்தே?"

"அக்கா, நீங்க அவங்களுக்குப் போன் பண்ண முடியுமா? எடை கூட இருந்தா ஒரு மணி நேரம் கூடுதலாத் தரணும், அது சட்டம். ரெண்டரைக் கிலோதான். நான் இங்கயே படியில ஏறி எறங்கிக் கரைச்சுடறேன். பூனையை விட்டுடாதீங்கன்னு சொல்லுங்க. அவன் சின்னப் பய, அவனுக்கு இன்னும் நூறு சண்டை கிடைக்கும். எனக்கு இது ஒண்ணுதான்."

"மெதுவா, மெதுவாச் சொல்லு."

"ஒன்பது ஜெயிச்சேன், ஒன்பது தோத்தேன். இந்த ஒண்ணை ஜெயிச்சுட்டா விட்டுடுவேன்க்கா. வீட்டுல சத்தியம் பண்ணியிருக்கேன். அவ பாவம், பயந்துபோய் வீட்டைப் பூட்டிட்டா. அவமேல தப்பில்லை. நான் ஜெயிச்சதை நான் ஒரு தடவை பார்த்துட்டாப் போதும். அப்புறம் அவ சொன்னபடி கேட்டுக்கிட்டுக் கெடப்பேன்."

அவன் அழுதான். கண்ணீர் வழிந்த இடத்தில் கிரீம் கரைந்து கருத்த தோல் கோடாகத் தெரிந்தது. அந்த அம்மாள் முந்தானை முனையைத் தண்ணீரில் நனைத்து, அவன் தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நெற்றியிலிருந்து துடைத்தாள். வெள்ளை போயிற்று. கண் வீக்கம் வந்தது. புருவம் வந்தது. ஆறு தையலும் வந்தன.

அவள் கை நின்றது. ஏணிமேல் இருந்தவர்களும் திருகாணியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முடி இல்லாம அடையாளமே தெரியலையே" என்றாள் அவள் மெல்ல. "தம்பி… முந்தாநேத்து இதே கூண்டுல நீதானே ஜெயிச்சே?"